கண்ணாடிப் பேழையும் பீலித் தண்ணீரும்

நாம் பல்கலைக் கழகத்தில் கற்றது தமிழ். விலங்கியல் நமக்குரிய துறையன்று. ஆயினும் ஆசிரியர் பற்றாக்குறை தீராத நோயாகிவிட்ட மலையகத் தோட்டப் பாடசாலையொன்றில், தமிழை மட்டும் கற்பித்துவிட்டு ஒதுங்கியிருத்தல் எவர்க்கும் இயலாது. விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் ஆறு மாத காலம் எட்டாம் வகுப்பின் விஞ்ஞானப் பாடமும் நம் பொறுப்பாயிற்று. அந்த ஆறு மாதத்தில் நாம் கற்பித்தது சிறிது, கற்றுக்கொண்டது பெரிது. கற்பித்த பாடத்தில் நாம் இழைத்த பிழையொன்றால் சில உயிர்கள் மாண்டன. அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

அட்டன் கடைத்தெருவில் மீன் வளர்த்து அலுத்துப்போன ஒருவர், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டியொன்றைப் பாடசாலைக்குக் கொடுத்தார். பிள்ளைகள் அதில் மண் பரப்பினர். பாசியும் பன்னமும் நட்டனர். சிரட்டையொன்றில் நீர் வைத்தனர். பாடசாலையின் பின்புறக் கொய்யா மரத்திலும் தேயிலைச் செடிகளிலும் மழைக்கால மாலைகளில் 'டிக், டிக்' என்று ஒலிக்கும் சிறு மரத்தவளைகளில் ஆறு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவே இருந்தது. கினிகத்தேனையில் உள்ள அத்தை வீட்டுக்குப் போய் வந்த ஒரு மாணவன், ஜாம் போத்தலில் அடைத்து இரண்டு பெரிய மரத்தவளைகளைக் கொண்டு வந்தான். முதுகில் மணற்கடிகை போன்ற கோலம். விரல் நுனிகளில் வட்ட வட்டத் தட்டுகள். பார்க்க மிகவும் அழகானவை.

எட்டையும் ஒரே தொட்டியில் விட்டோம். மேலே கண்ணாடித் தகடொன்றை மூடினோம். அத்துடன் நின்றோமா? இல்லை. பெரியவையும் சிறியவையும், மேட்டிலிருந்து வந்தவையும் பள்ளத்திலிருந்து வந்தவையும் ஓரகத்தில் கூடி வாழ்வதைக் கண்டு நம் நெஞ்சு பூரித்தது. 'ஒன்றுபட்டு வாழ்வோம்' என்று அழகிய எழுத்தில் எழுதித் தொட்டியின் நெற்றியில் ஒட்டியவர் வேறெவருமல்லர், நாமே.

மூன்றாம் நாள் சிறியவை நான்காகக் குறைந்திருந்தன. ஓடிப்போயின என்று எண்ணினோம். ஆனால் மூடிய தொட்டியிலிருந்து அவை எங்கே ஓடும்? பெரிய தவளையின் வாயோரத்தில் சிறு கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை முன்வரிசைச் சிறுமி கண்டாள். அவள் அழவில்லை, நம்மைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வாரம் கழிவதற்குள் மேலும் இரண்டு சிறியவை, உண்ணப்படாமலேயே, மண்மேல் மல்லாந்து கிடந்தன. பெரியவற்றுள் ஒன்றின் தொடைகளும் அடிவயிறும் சிவந்து, தாவும் ஆற்றலை அது இழந்தது.

நுவரெலியாவில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்.

தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றுத் தோலினால் நீரை உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியே நடக்கிறது. ஆகவே தவளைக்குத் தோல் வெறும் போர்வையன்று; அதுவே வாய், அதுவே நுரையீரல். அது எதன்மேல் உட்காருகிறதோ அதையே குடிக்கிறது. ஒரு தவளையின் கழிவு தேங்கிய மண்ணில் இன்னொரு தவளை உட்கார்ந்தால், அந்தக் கழிவு அதன் உடம்புக்குள் செல்கிறது. சவர்க்காரம் படிந்த கையால் தொட்டாலும் அதற்குத் துன்பமே. சில தவளைகளின் தோலில் ஊறும் நச்சு வேற்றினத் தவளைக்குத் தீங்காகலாம். காற்றோட்டமின்றி மூடிய கண்ணாடிக்குள் புழுக்கமும் பூஞ்சணமும் பெருகும். வெயில் பட்டால் அது அடுப்பாகும். தவளை அசைவதையே உண்ணும். உயிருள்ள பூச்சி நாளும் வேண்டும். ஒன்றாக வைப்பதாயின் ஓரினமாகவும், ஓரளவினதாகவும், ஓரிடத்திலிருந்து வந்ததாகவும் இருத்தல் வேண்டும். புதிதாக வந்ததைச் சில வாரங்களேனும் தனியே வைத்து நோயில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாளாவது திறந்து வைத்திருந்தே ஊற்ற வேண்டும்.

இவற்றுள் ஒன்றையேனும் நாம் செய்தோமில்லை.

நண்பர் மேலும் ஒன்று சொன்னார். நம் பிள்ளைகள் பிடித்த சிறு தவளைகள் புதர்த்தவளை வகையைச் சேர்ந்தவை. அவற்றின் குஞ்சுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. தாய் ஈரமண்ணைத் தோண்டி முட்டையிட்டு மண்ணோடு கலந்து மூடிவிடும். முட்டையிலிருந்து முழுத் தவளையே வெளிவரும். நாமோ சிரட்டை நீரில் தலைப்பிரட்டை தோன்றும் என்று பிள்ளைகளைக் காத்திருக்கச் செய்தோம்! உலகில் அழிந்துபோனவை என்று பட்டியலிடப்பட்ட நீர்நில வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழப் பாதி இச்சிறு தீவுக்குரியவை. நுவரெலியாவில் கண்டெடுத்து 1853இல் கேலார்ட் என்ற மருத்துவர் விவரித்த புதர்த்தவளையொன்று, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமலிருந்து, 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. மற்றும் பல மீளவில்லை. காப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடு வெட்டப்பட்டபோது அவற்றின் ஈரமண்ணும் உடன் போயிற்று. எஞ்சியவற்றுள் பலவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காப்பளிக்கின்றன. பிடித்து அடைக்க நமக்கு உரிமையே இல்லை.

கல்லுக்குள் கிடக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறான் என்று நம் முன்னோர் ஆறுதல் சொன்னார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளாக ஏழைக்கு அளிக்கப்பட்டு வரும் ஆறுதல் அது. கண்ணாடிக்குள் அடைபட்ட தேரைக்கு எவரும் உணவளிக்கவில்லை. அடைத்தவன் அளித்தாலன்றி அது பட்டினிதான். அடைத்தவனுடைய கடமையை ஆண்டவன் மேல் சுமத்துவது வசதியான தத்துவம்.

இந்தக் கண்ணாடிப் பேழைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1829இல் இலண்டன் மருத்துவர் வார்டு என்பவர், மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னம் ஒன்று தானே முளைத்து வாழ்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே கப்பலில் செடிகளை உயிரோடு கொண்டு செல்லும் கண்ணாடிப் பெட்டி. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இராபர்ட் பார்ச்சூன் 1848க்குப் பிந்திய ஆண்டுகளில் இந்திய இமயமலைச் சாரலுக்கு அத்தகைய பெட்டிகளிலேயே அனுப்பினார். 1876இல் இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் அவ்வாறே. ஈரம் குறையாமல், உப்புக்காற்றுப் படாமல், ஒளி தவறாமல் அவை பேணப்பட்டன. அதே நூற்றாண்டில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையானவர் பலர். கன்றுக்குக் கண்ணாடிப் பேழை கிடைத்தது. அதை நட்டு வளர்க்க வந்தவனுக்குக் காலில் செருப்பும் கிடைக்கவில்லை.

நெருக்கமும் ஒருமையும் கூடினால் நோய்க்குக் கொண்டாட்டம் என்பதையும் இம்மலை அறியும். மலைமுழுதும் காப்பி ஒன்றே நின்ற காலத்தில், 1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் தோன்றி, இரு பதிற்றாண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் பின்னர் மலைமுழுதும் பரந்தது. இன்று உலகத் தவளைகளை வாட்டுவதும் ஒரு பூஞ்சணமே. 1999இல் பெயரிடப்பட்ட அது தவளைத் தோலில் பற்றி, உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தை நிறுத்துகிறது. அதனால் 501 இனங்கள் குன்றின என்றும் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்றும் 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதனைக் கண்டங்கள்தோறும் பரப்பியதில், வளர்ப்புக்கும் விற்பனைக்கும் தவளைகளைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் வாணிபத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

எஞ்சியவற்றைப் பிரித்து வைத்தோம். மூடியை நீக்கிக் கம்பிவலை இட்டோம். சிறியவை இரண்டும் ஒரு தொட்டியில். பெரியவை ஒவ்வொன்றும் தனித்தனி வாளியில். குழாய்நீரை விடுத்து, பாடசாலைக்கும் லயங்களுக்கும் பொதுவான பீலித் தண்ணீரை ஊற்றிவந்தோம். அந்த வாரம் பீலிக்கு மேலே உள்ள மலையில் களைநாசினி தெளித்தார்கள். களைநாசினியோடு கலக்கப்படும் சில பொருள்கள் தலைப்பிரட்டைகளைக் கொல்லும் என்பது ஆய்வுகளில் தெளிந்த செய்தி என்று நண்பர் சொல்லியிருந்தார். ஆகவே வகுப்பில் கட்டளையிட்டோம்: "மருந்தடித்த நாளிலிருந்து பீலித் தண்ணீரைத் தவளைக்கு ஊற்றக் கூடாது. மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள்."

தவளையின் காலை முதலில் கண்ட அதே சிறுமி எழுந்தாள்.

"சேர், தவளைக்குக் கூடாதுன்னா எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தானே குடிக்கிறோம்?"

வகுப்பு அமைதியாயிற்று. நம்மிடம் மறுமொழி இல்லை. அவள் வீட்டை நாம் அறிவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, அதில் எழுவர். அடுப்புப் புகை, ஈரச்சுவர், ஒழுகும் தகரம். இருமல் ஒருவருக்கு வந்தால் எழுவருக்கும் வரும். தவளைக்கு இடம் போதாது, காற்றுப் போதாது, புதிதாக வந்ததைத் தனியே வைக்க வேண்டும் என்றெல்லாம் நாம் ஒரு மாதமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட விதிகளை அவள் தன் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த ஒப்பீடு ஆசிரியராகிய நமக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. பெரியவற்றை எங்கே அனுப்புவது? "வந்த ஊருக்கே அனுப்பிடுவோம்" என்றான் ஒருவன். "அனுப்புறதுன்னு சொல்லாதடா, எங்க பாட்டியோட தங்கச்சிய அப்படித்தான் அனுப்பினாங்க" என்றான் மற்றவன். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். 1,50,000 பேரின் விதி பின்னர் பேசலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. அந்த எண்கள் நம் மாணவர் வீடுகளில் இன்னும் உறவுப் பெயர்களாகவே நினைவுகூரப்படுகின்றன. ஆயினும் உவமையை அளவுக்கு மீறி இழுத்தல் தவறு என்று பிள்ளைகளிடம் கூறினோம். தவளைகள் வெவ்வேறு இனங்கள். மனிதர் எங்கும் ஓரினமே. வேற்றினத் தவளையோடு வாழ முடியாமை இயற்கை. மனிதன் மனிதனோடு வாழ முடியாமை எவரோ ஏற்படுத்தியது.

நோய்வாய்ப்பட்ட பெரிய தவளை இறந்தது. எஞ்சிய மூன்றையும் நம் விருப்பப்படி காட்டில் விட்டிருக்கலாம். ஆனால் ஒரே தொட்டியில் கலந்திருந்தவை எந்த நோயைச் சுமந்து செல்லுமோ என்று நண்பர் தடுத்தார். வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி ஒப்படைத்தோம். அவர் நம்மைக் கண்டித்தார், அது தகும். பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார்.

தொட்டியில் இப்போது பன்னம் மட்டும் வளர்கிறது. ஓடைக்கரையில் தேயிலை பிடுங்கப்பட்ட சிறு துண்டு நிலத்தில் நாட்டுச் செடிகளைப் பிள்ளைகள் நட்டிருக்கிறார்கள். மழை மாலைகளில் அங்கே நின்று, எத்தனை குரல்கள் கேட்கின்றன என்று கொப்பியில் குறித்துக்கொள்கிறார்கள். தவளையைத் தொடாமலே தவளையைப் படிக்கலாம் என்பது நாம் காலந்தாழ்த்திக் கற்ற பாடம்.

அச்சிறுமியின் கேள்வியும் வகுப்போடு முடியவில்லை. அதைத் தாய்மாரிடம் கொண்டுபோனாள். தாய்மார் தலைவரிடம் கொண்டுபோயினர். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். குடிநீர்க் குழாயைத் தேயிலைக்கு மேலே, காட்டு எல்லையில் இணைக்க வேண்டும் என்று இரு கோரிக்கைகள் எழுந்தன. நாமும் அந்த மனுவை எழுதிக் கொடுத்தோம். தமிழ் படித்தது அதற்கேனும் உதவிற்று. முதற் கோரிக்கை நிறைவேறியது. இப்போது முதல்நாள் மாலையே செய்தி வருகிறது. பெண்கள் அண்டாக்களை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். குழாய் இன்னும் இணைக்கப்படவில்லை.

தொட்டியின் நெற்றியிலிருந்த தாளை நாம் கிழித்துவிட்டோம். ஒற்றுமையில் நம்பிக்கை இழந்ததனால் அன்று. இடமும் காற்றும் உணவும் தூய நீரும் இன்றி ஒன்றாக அடைத்து வைப்பதை ஒற்றுமை என்று அழைத்ததற்காக நாணினோம். அவ்வாறு அழைப்பவர் பெரும்பாலும் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களாகவே இருக்கிறார்கள். அன்று நாமும் வெளியேதான் நின்றோம்.

அடுத்த மாதம் மனுவின் இரண்டாம் படியைக் கொண்டு செல்லவிருக்கிறோம். அதில் முதற் கையெழுத்து அச்சிறுமியின் தாயாருடையது.