முதல் சிலிண்டரின் முறையீடு

ஜி. டி. நாயுடு 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கிய காலந்தொட்டு, மோட்டார் யந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதை ஜீவனோபாயமாக மட்டுமின்றி ஒரு வித்தையாகவும் பாவிக்கும் மனிதர்கள் கோயம்புத்தூரில் இருந்து வருகிறார்கள். அத்தகையோர் நடத்தும் ஒரு பட்டறைக்கு, 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற போர்டு டி மாடல் கார் ஒன்று, தட்டுகிறது, புகைகிறது, மேட்டில் இளைத்து நின்றுவிடுகிறது என்ற மூன்று புகார்களுடன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் அதைச் சோதிக்கும் முறையைப் பார்க்கும் பொருட்டு அங்கே சில நாட்கள் போய் வந்தேன்.

மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அவர் விசாரித்தது வண்டியை அல்ல, டிரைவரை. "காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் சத்தம் வருதுங்களா, இல்ல சூடானப்புறம் வருதுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. குளிர்ந்திருக்கையில் கடகடத்து, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் ஆடுகிறது என்று கொள்ளலாம். சூடேறி எண்ணெய் இளகிய பின் வலுத்தால் பேரிங்கின் மீது சந்தேகம் திரும்புகிறது. மேடேறும்போது மாத்திரம் கிணுகிணுத்தால், ஸ்டியரிங்கின் இடப்புறத்து லீவரை அளவுக்கு மீறி இழுத்து ஸ்பார்க்கை முந்தவிட்டதே குற்றமாக இருக்கக்கூடும். சூடான பின்தான் என்றார் டிரைவர். சத்தத்தை அடக்குவதற்காகத் தாம் அடிக்கடி ஆயில் ஊற்றி வந்ததையும், மிகுந்த சிரத்தையோடு செய்த காரியம்போல், சொல்லிவைத்தார்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார். இந்த எஞ்சினில் ஆயில் அளவைப் பார்க்கக் குச்சி கிடையாது. அடித்தொட்டியின் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் உண்டு. கீழ்க்குழாயில் வரவேண்டும், மேற்குழாயில் வரக்கூடாது என்பது விதி. மேற்குழாயைத் திறந்த மாத்திரத்தில் கறுப்பு எண்ணெய் அவர் முழங்கைவரை வழிந்தது. நீலப்புகைக்குக் காரணம் அதிலேயே பாதி விளங்கிவிட்டது. எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்த அவர், "கண்ணு, நீயும் மோந்து பாரு" என்று உதவிக்கு நின்ற பட்டறைப் பையனிடம் கையை நீட்டினார். பெட்ரோல் வாடை அடித்தது.

அதனால் அடுத்த பார்வை கார்புரேட்டரின்மேல் விழுந்தது. அதனுள்ளிருந்த மிதவை, அரக்குப் பூசிய பழைய தக்கை. இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அரக்கைக் கரைத்துவிடும். அரக்குப் போன தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து அமிழ, அடைக்க வேண்டிய ஊசி அடைக்காமல் போக, எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. மேட்டில் இளைப்பதன் காரணமோ இதைவிட அற்பமானது. டாங்க் ஆசனத்தின் கீழே இருக்கிறது; பம்ப் இல்லை; பெட்ரோல் தன் கனத்தால்தான் இறங்கி வரவேண்டும். டாங்க் குறைந்த வேளைகளில் செங்குத்தான மேட்டை அந்நாளில் பின்புறமாக ஏறிக் கடந்ததும் இதனால்தான். இங்கே மூடியிலுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டிருந்தது. பையன் ஒரு கம்பியால் குத்திவிட்டான். அவ்வளவே.

ஆனால் தட்டல்? எஞ்சினை முடுக்கினார்கள். முன்பலகையில் உள்ள மரப்பெட்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள், ஒவ்வொன்றின் தலையிலும் வண்டுபோல் ரீங்கரித்து அதிரும் ஒரு தகடு. அத்தகட்டை விரலால் அமுக்கிப் பிடித்தால் அந்தச் சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்யும். மேஸ்திரி ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கையசைக்க, பையன் ஒவ்வொன்றாக அமுக்கினான். நான்கு, மூன்று, இரண்டு: மாறுதல் இல்லை. முதலாவதை அமுக்கியதும் தட்டல் தணிந்தது. "ஒன்னாம் நம்பர் ராடுங்கண்ணா," என்றான் பையன், அவர் வாய் திறப்பதற்கு முன்பே.

ஏன் முதலாவது என்பதில்தான் இந்த யந்திரத்தின் சாமர்த்தியமும் பலவீனமும் சேர்ந்து வெளிப்படுகின்றன. ஆயில் பம்ப்பும் இதில் கிடையாது. பின்புறத்துப் பிளைவீலும் அதில் பூட்டிய 16 காந்தங்களும் சுழலும் வேகத்தில் எண்ணெயை வாரியிறைக்க, அதில் ஒரு பங்கு சிறு புனல் ஒன்றில் விழுந்து, மெல்லிய குழாய் வழியாக முன்கோடிக்கு வந்து, அங்கிருந்து பின்னோக்கி வழிந்து போகிறது. கியர் மாற்றும் பட்டைகளும் அதே எண்ணெயில் ஊறுவதால், அவற்றின் பருத்தி உறை தேய்ந்து உதிரும் பஞ்சு புனலில் சேர்ந்து குழாயை அடைக்கிறது. மேடேறும்போது எண்ணெய் முழுவதும் பின்னால் ஒதுங்கிவிட, முன்கோடியிலுள்ள முதல் கனெக்டிங் ராடின் பேரிங்தான் முதலில் வறண்டு காய்கிறது. சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டைப் புத்திசாலித்தனம் என்று புகழ்வோர் உண்டு. சமவெளியில் ஓடும்வரை நானும் புகழ்வேன்.

அடித்தகட்டைக் கழற்றியபோது, பேரிங்கின் வைட் மெட்டல் மங்கி வெடித்திருந்தது. எஞ்சினை இறக்கிக் குழாயிலிருந்து எடுத்த பஞ்சு ஒரு கட்டைவிரல் பருமன் இருந்தது. புதிதாக வார்த்த பேரிங்கில் நீலச்சாயம் தடவி, கிராங்க் ஷாப்டில் பொருத்திச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் வழித்து, மறுபடி பொருத்திப் பார்க்கும் வேலை மாலைவரை நீண்டது.

சொந்தக்காரர் வந்தபோது சிறு தர்க்கம் எழுந்தது. வெளிப்புறமாக இன்னொரு ஆயில் குழாய் வைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. பழைய வண்டியில் புதிதாக எதையும் ஒட்டவைக்கக் கூடாது என்றார் சொந்தக்காரர்.

"வண்டி ஷெட்லயே நிக்கறதுன்னா வேண்டாமுங்க. ஊட்டிக்குக் கொண்டு போறதா இருந்தா போட்டே ஆகோணுங்க."

சொந்தக்காரர் சற்று நேரம் எஞ்சினைச் சுற்றி வந்து, குழாய் வெளியே தெரியாத பக்கமாக வருமா என்று கேட்டார். மேஸ்திரி சாக்பீஸால் அது போகும் வழியைக் கோடிட்டுக் காட்டினார்.