கணவாய்க்கு வடக்கே

பிப்ரவரி 4
நைட் ஷிப்ட் முடிந்து படுத்தேன். தூக்கம் இல்லை. தொண்டையில் பஞ்சு. மலை தெரியவில்லை, மூட்டம். போன் வரவில்லை.

பிப்ரவரி 6
மச்சான் வந்தான். மாஞ்சோலையில் சோலைக்கிளி பார்த்த கதை, மறுபடியும். 2012இல். நீ பார்த்தது அசம்பு சோலைக்கிளி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பது, 2017இல் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள், நம்ம மலையில் இருப்பது வெள்ளை வயிறு, அது வேற என்றேன். "நான் பாக்கும்போது பிரிக்கலயே மாப்ள." சிரிக்கிறான். வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 9
இருமல். அம்மா மிளகுக் கஷாயம் வைத்தாள். மலை பளிச்சென்று. போன் வரவில்லை.
பழைய புத்தகத்தில் சோலைக்கிளியின் பேரினம் பிராக்கிப்டெரிக்ஸ். அதை அடித்து மயோமெலா எழுதியிருக்கிறேன். அதையும் அடித்து ஷோலிகோலா. தாள் கிழிந்துவிட்டது. டிஎன்ஏ பார்த்தால் ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமாம். 1844இல் ஜெர்டன் நீலகிரிப் பறவைக்குப் பெயர் வைத்தார், அன்றிலிருந்து வாடகை வீடு மாறுகிற குடும்பம் மாதிரி. சரி, இனியாவது நிலைக்கட்டும்.

பிப்ரவரி 13
செண்பகத்தோப்பு. மாமரங்களில் பூ. சாம்பல் அணில் ஒன்று, தலைகீழாக. கீழ்ப்புதரில் கருந்தலைச் சிலம்பன் கூட்டம்! கைக்கெட்டும் தூரம். இதையும் ரோபோசிக்லாவிலிருந்து தூக்கி டுமேஷியாவில் போட்டுவிட்டார்கள். முட்காட்டில் திரியும் செவ்வயிற்றுச் சிலம்பனோடு ஒரே பேரினம். நல்லா இருக்கு. இருமினேன். ஒன்றுகூட மிச்சமில்லை.
ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கால் கிலோ. பஸ்ஸிலேயே பாதி காலி.

பிப்ரவரி 14
மச்சானிடம் சொல்லவில்லை. சிலம்பனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வெள்ளை வயிறு மேலே, சோலைக்குள் இருக்கிறது. மூட்டம். போன் வரவில்லை. வராது.

பிப்ரவரி 18
வந்தது. வெள்ளிக்கிழமை மேலே கூட்டிப்போகிறார்களாம்! கை நடுங்கிற்று. மச்சான் பைனாகுலர் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ராத்திரி போய் வாங்கி வந்தேன். என் ஷிப்டையும் அவனே பார்க்கிறானாம்.

பிப்ரவரி 20
இருமல் நிற்கவில்லை. சோலைக்கிளியோ தரையோடு ஒதுங்கித் திரியும் பறவை, சருகு அசைந்தால் மறைந்துவிடும். சித்தரத்தை, பனங்கற்கண்டு, மருந்து இரண்டு பாட்டில். மலை தெரிகிறது, உச்சி வரை. பார்த்தால் முதல் போன் மச்சானுக்குத்தான். கணவாய்க்கு வடக்கே, மாப்ள, வடக்கே என்று சொல்லணும். அங்கே சிக்னல் கிடைக்குமா என்று யாரையும் கேட்கவில்லை. மணி பதினொன்று. தூங்கணும்.