சண்டிலிப்பாயில் ஒரு நாள்: பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள்

யாழ். நகரிலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில், மானிப்பாயைத் தாண்டி, சங்கானைக்கு முன்னதாக வரும் ஊர் சண்டிலிப்பாய். பஸ்ஸில் இருந்தபடியே பார்ப்பவருக்கு ஒரு சந்தியும் சில கடைகளும் மட்டுமே தெரியும். இறங்கி ஒழுங்கைகளுக்குள் நடந்தால்தான் ஊர் தெரியும். மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு அளவெட்டி, கந்தரோடைப் பக்கமிருந்து வந்து, இவ்வூர் வயல்களைத் தொட்டு, நவாலி, அராலிப் பக்கமாகச் சென்று கடல்நீரேரியிற் சேருகிறது. சீரணி நாகபூசணி அம்மன் கோயிலும் கல்வளைப் பிள்ளையார் கோயிலும் ஊரின் அடையாளங்கள். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளைப் பிள்ளையார்மீது அந்தாதி பாடியிருப்பதால் இலக்கியம் படித்தவர்களுக்கும் இவ்வூர் புதிதல்ல.

வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் அமைந்திருப்பதும் இங்கேதான். மாதகல் கரையிலிருந்து மானிப்பாய், ஆனைக்கோட்டை, நவாலி வரை 28 கிராம அலுவலர் பிரிவுகளைச் சேர்ந்த மக்கள் தமது அலுவல்களுக்காக இங்கு வந்து போகிறார்கள். நான் சென்றது வேறு ஒரு காரணத்துக்காக. வழி தவறும் பிள்ளைகளை ஊர் மட்டத்தில் யார் மீட்டெடுக்கிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன மதிப்புக் கொடுக்கிறோம் என்பதை நேரிற் பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

இப்பகுதிப் பெண்கள் பட்ட துன்பம் எமது வாசகிகளுக்குத் தெரியாததல்ல. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு வீசப்பட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்த சிறுமிகள் இன்று தாமே தாய்மாராக இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, இனிப் பிள்ளைகளை நிம்மதியாக வளர்க்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே வாள்வெட்டு என்ற சொல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வழமையான சொல்லாகிவிட்டது. அதன் பின்னால் போதைப்பொருளும் வந்தது.

எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை மோட்டார் சைக்கிள்கள் பிடிபட்டன, எந்த வீட்டின் யன்னல் உடைந்தது என்பதெல்லாம் பத்திரிகையில் வரும். ஒரு பெடியன் அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது செய்தியாவதில்லை. உடையாத யன்னலை யார்தான் படம் பிடிப்பார்கள்?

ஊரில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் தாயொருவரைச் சந்தித்தேன். அவருடைய கணவர் 2009இல் வன்னியில் ஷெல் விழுந்து இறந்தவர். மெனிக்பாம் முகாமிலிருந்து கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குத் திரும்பி, தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். பத்தாம் வகுப்பில் மகன் பாடசாலைக்குப் போவதை நிறுத்தினான். மாலையானால் மதவடியில் தன்னிலும் மூத்த பெடியங்களோடு நின்றான். ஓர் இரவு அவர்கள் ஒரு வீட்டுக் கேற்றையும் யன்னல்களையும் அடித்து உடைத்தபோது, இவனும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்திருக்கிறான். அப்போது அவனுக்கு 15 வயது.

“அவன் கெட்டவன் இல்லை அக்கா. ஆறு மணிக்குப் பிறகு அவனுக்குப் போக ஒரு இடம் இல்லாமல் இருந்தது. அவங்கள்தான் இடம் குடுத்தாங்கள்” என்றார் அந்தத் தாய்.

பிள்ளை பிடிபட்ட மறுநாள் அவருக்குப் பொலிஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது, யாரோடு பேசுவது என்பதுகூடத் தெரியாது. உறவினர் சிலர் படலைக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போய்விட்டனர். வீட்டுக்குள் வந்தவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள். அன்று தொடங்கி ஒவ்வொரு தவணைக்கும் மூவரில் ஒருவர் அவரோடு நீதிமன்றத்துக்குப் போனார். தையல் வேலை நின்றுபோகாமல் மற்ற இருவரும் பார்த்துக்கொண்டனர்.

இந்த இடத்தில் சகோதரிகள் அறிந்துவைக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன. சிறுவர்கள் குற்றஞ் சாட்டப்பட்டால் அவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்காமல் தனியாக விசாரிப்பதற்கு 1939ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் சட்டம் இருக்கிறது. அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களைப் பத்திரிகைகள் வெளியிடக்கூடாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்று 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வயது 8 ஆக இருந்தது. குற்றம் செய்த பிள்ளையைச் சிறைக்கோ சான்று பெற்ற பாடசாலைக்கோ அனுப்பாமல், வீட்டிலேயே வைத்து நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடுவதற்கும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வயது வந்த இளைஞர்கள் சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்வதற்கு 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் வழி செய்கிறது.

ஆனால் சட்டம் தானாக ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவராது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டையும் பாடசாலையையும் அயலையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறார். “இந்தப் பிள்ளையைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள்” என்று அவர் எழுத வேண்டுமானால், உண்மையிலேயே அப்படி ஆட்கள் இருக்க வேண்டும். இந்தப் பையனுக்கு இருந்தார்கள். அதனால் அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு விடப்பட்டான்.

அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் அவரைக் கண்டேன். சனசமூக நிலையங்கள் யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் பழைய சொத்து. பத்திரிகை மேசை, நாலு வாங்கு, ஒரு புத்தக அலுமாரி, பக்கத்தில் விளையாட்டுக் கழகத்துக் கரப்பந்தாட்டத் திடல் என்பதே பல இடங்களில் அதன் அமைப்பு. மாஸ்டர் செய்தது என்னவென்று கேட்டேன்.

“நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. ஆறரையில இருந்து எட்டரை மட்டும் லைற்றைப் போட்டு வாசிகசாலையைத் திறந்து வைச்சன். வந்தவனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தன். அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஆறரையும் எட்டரையும்தான் மதவடிக்குப் போகும் நேரம் என்பதை அவர் சொல்லவில்லை. கணித ஆசிரியருக்கு அந்தக் கணக்குத் தெரியாமல் இருக்காது. விளையாட்டுக் கழகத் தலைவர் பையனைக் கரப்பந்தாட்ட அணியிற் சேர்த்துக்கொண்டார். பையன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதினான். கணிதத்தில் முதல் தடவை சித்தியடையவில்லை, அடுத்த முறை சித்தியடைந்தான். இப்போது மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை பழகுகிறான். “மூன்று வருசமாய் ஒரு தவணையும் இல்லை” என்று தாய் சொன்னபோது, அவர் வார்த்தைகளில் ஒரு பட்டம் பெற்ற பிள்ளையின் தாய்க்குரிய பெருமை இருந்தது.

இந்த வெற்றிக்கு உழைத்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது? மூன்று பெண்களில் ஒருவர் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன்: “கள்ளனுக்குப் பின்னால திரியிறியள் எண்டு சிலர் சொல்லிச்சினம். என்ர வீட்டிலயே உனக்கேன் தேவையில்லாத வேலை எண்டு கேட்டவை. அடுத்த பிள்ளைக்கு நான் போவனோ தெரியாது.”

இதுதான் கவலைக்குரியது. மாஸ்டருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண்களும் ஏச்சுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையை மீட்ட இந்தச் சங்கிலி எந்த நேரமும் அறுந்து போகலாம். காசு இல்லாமல் நடந்த வேலை, மதிப்பும் இல்லாமல் எத்தனை நாளைக்கு நடக்கும்?

சண்டிலிப்பாயிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் கனடாவுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அங்கும் இதே பிரச்சினை இருந்தது. 1990களில் ரொறன்ரோவில் தமிழ் இளைஞர் குழுக்களுக்கிடையே மோதல்கள் நடந்து உயிர்களும் போயின. அதைக் கண்டு வெட்கப்பட்டு ஒதுங்காமல், தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் சிலர் சேர்ந்து அந்தப் பத்தாண்டின் இறுதியில் கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கினார்கள். தம்மிலும் இளையவர்களுக்குப் பாட உதவியும் வழிகாட்டலும் கொடுத்தார்கள். ஏறக்குறைய எங்கள் வாசிகசாலை மாஸ்டர் செய்த வேலைதான் அது.

இன்னோர் உதாரணம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். கத்திக்குத்துக்குப் பெயர்போன அந்த நகரில் 2005இல் பொலிஸார் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றை அமைத்தனர். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கரின் மக்ளஸ்கி என்ற பெண், முன்பு தாதியாகப் பணியாற்றியவர். வன்முறையைத் தொற்றுநோய்போலக் கருதி, அது பரவும் வழியை அடைக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். 2008இல் கும்பல்களைச் சேர்ந்த இளைஞர்களை ஒரு நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள். தண்டனை பற்றிப் பொலிஸார் பேசினர். பின்னர் வன்முறையாற் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய் ஒருவர் பேசினார். விலகி வர விரும்புவோருக்குப் படிப்பும் தொழிலும் பெற உதவி வழங்கப்பட்டது. என்ன குறைந்தது என்பதைக் கணக்கெடுத்து வெளியே சொன்னதாற்றான் அந்த வேலை நிலைத்தது. பின்னர் லண்டன் நகரமும் அதைப் பார்த்துத் தனக்கென ஒரு பிரிவை அமைத்துக்கொண்டது. வெற்றியை எடுத்துச் சொன்னால் அது அடுத்த ஊருக்கும் போகும் என்பதற்கு இது சான்று.

நாமும் அப்படிச் செய்யலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து மாதர் சங்கங்கள் ஒரு சிறு கொப்பி வைத்திருக்கலாம். இடைவிலகிய எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பினார்கள், எத்தனை தவணைகளுக்குத் துணை போனோம், எத்தனை பேர் தொழில் பழகுகிறார்கள் என்பதைப் பெயர் எழுதாமல் எண்ணிக்கையாக மட்டும் குறிக்கலாம். வருட இறுதியில் பொதுக்கூட்டத்தில் அதை வாசிக்கலாம். பரிசளிப்பு விழாவில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குக் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்த மாஸ்டரையும், ஏச்சுக் கேட்டபடி நீதிமன்றம் போய்வந்த பெண்களையும் அதே மேடைக்கு அழைத்தால் என்ன? ஊர் கைதட்டிய பிறகு, “கள்ளனுக்குப் பின்னால திரியிறியள்” என்று சொல்லும் வாய்கள் சற்று அடங்கும். அடுத்த தாய்க்குத் துணைபோக நாலாவது பெண்ணும் முன்வருவாள்.

ஆனால் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். இந்த எண்ணத்தை அந்தத் தாயிடம் சொன்னபோது அவர் பயந்துபோனார். “அவையை மேடைக்குக் கூப்பிடுங்கோ அக்கா. அவனை மட்டும் கூப்பிடாதையுங்கோ. சனம் மறக்கத் தொடங்கியிருக்கு” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. திருந்திய பிள்ளையை மேடையேற்றி “முன்னர் இவன் இப்படி, இப்போது இப்படி” என்று பேசினால் பழைய பெயரை நாமே புதுப்பித்துக் கொடுத்தவர்களாவோம். மாலை மீட்டவர்களுக்கு. பிள்ளைக்கு வேண்டியது மறதி. இக்கட்டுரையில் யாருடைய பெயரையும் நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படி யாராவது இருப்பார்கள். பூசை முடிந்து கோயில் வீதியில் நிற்கும் பெடியங்களோடு பேசுபவராக இருக்கலாம். பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடிச் சைக்கிளில் வரும் ரீச்சராக இருக்கலாம். அவரைப் பற்றி அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், கூட்டக் குறிப்பில் எழுதுவியுங்கள். உங்கள் பிள்ளை பற்றிப் பயம் இருந்தால் மறைத்துக்கொண்டு தனியே அழாதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929. போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். போகும்போது ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு வருபவரின் பெயரையும் மறந்துவிடாதீர்கள்.