எண்ணூர்க் காற்றும் எங்கள் வீட்டு மூங்கிலும்

திருவொற்றியூரில் துணி உலர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி மாலையில் சாம்பல் பூசிக்கொண்டு வரும். ஒரு பக்கம் உப்புக் காற்று. மறு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரல் கறுக்கத்தான் செய்கிறது.

எங்கள் கொல்லையில் கொஞ்சம் மண் தரை உண்டு. அங்கே பச்சைத் திரை மாதிரி ஏதாவது வைத்தால் புழுதி கொஞ்சம் அடங்குமே என்று ஆசை. சீக்கிரம் வளர்வது மூங்கில்தான் என்றார்கள். "பாம்பு வரும்" என்று என்னவர் பயமுறுத்தினார். நான் கேட்கவில்லை. ஒரு ஆடி மாதம் நர்சரியில் மஞ்சள் மூங்கில் கன்று இரண்டு வாங்கி நட்டேன்.

முதல் வருஷம் செய்த தப்பு, போர் தண்ணீரை ஊற்றியது. கடலோரம் அல்லவா, எங்கள் போரில் வருவது உப்புத் தண்ணீர். இலை நுனியெல்லாம் தீய்ந்து பழுப்பானது. பிறகு குழாய்த் தண்ணீரையும், அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்து ஊற்றினேன். மாட்டெரு போட்டேன். மழையும் வந்து உப்பைக் கழுவிவிட, செடி பிழைத்துக்கொண்டது. மூன்றாம் வருஷம் மாடி உயரம் வந்துவிட்டது.

அப்போதுதான் இரண்டாவது தப்பு. துணிக்கு வெயில் படவில்லை என்று, தீபாவளிக்கு முன்னால் ஏழெட்டுக் கழிகளை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டேன். ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகையில் சின்னவனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆறு நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வீடு திரும்பிய பிறகு, கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தாள். தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கடைசியில் மூங்கில் பக்கம் போய், "அக்கா, இங்க வந்து பாருங்க" என்றாள். வெட்டிய ஒவ்வொரு கழியும் ஒரு டம்ளர் மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன! காய்ச்சல் அதிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என் மனசு சமாதானம் ஆகவில்லை. வேரோடு தோண்டி எறிவது என்று முடிவு செய்தேன்.

மாமியார்தான் தடுத்தார். "தோண்டறதுன்னா தோண்டு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பாசூர் போயிட்டு வந்துடலாம். மூங்கிலைச் சாமியாக் கும்பிடற ஊரும்மா அது."

எங்கள் ஊர்க் கோயிலில் மகிழ மரம் தலவிருட்சம். திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திருப்பாசூரில் மூங்கில்! பாசு என்றாலே மூங்கில்தானாம். மூங்கில் காட்டில் புற்றின் மேல் பசு பால் சொரிய, வாசி என்ற கருவியால் தோண்டியபோது சிவலிங்கம் தென்பட்டதால் சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறித் திருவள்ளூரில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். எங்கள் பக்கத்துப் புகைக்கு அந்தக் காற்று தேனாக இருந்தது.

தரிசனம் முடிந்து வரும் வழியில், ஒரு தோப்பில் பெரியவர் ஒருவர் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். நின்று என் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "செடி மேல தப்பில்லம்மா, வெட்டின இடந்தான் தப்பு. நடுவுல வெட்டாதீங்க. தரையோட ஒட்டி, கணுவுக்கு நேர் மேல வெட்டுங்க. கணுவுல உள்ள தடுப்பு இருக்கு, தண்ணி நிக்காது. தாய்க் கழி அத்தனையும் வெட்டிப்புடாதீங்க. தாய் நின்னாத்தான் குட்டிக்குச் சாப்பாடு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை மனசில் தைத்தது. மூங்கில் புல் இனம். தரையிலிருந்து வரும் குருத்து எந்தப் பருமனில் வருகிறதோ அதே பருமன்தான் கடைசி வரை. இரண்டு மூன்று மாதத்திலேயே முழு உயரம் வளர்ந்துவிடும். அந்த வேகத்துக்குச் சத்தைக் கொடுப்பது அம்மா கழிகளின் இலையும் வேரும்தான்.

வீடு வந்ததும் அடிக்கட்டைகளைத் தரையோடு அறுத்தோம். தண்ணீர் பிடித்த ஓரிரண்டில் மணல் போட்டு அடைத்தோம். செடி நின்றது.

இடம் இருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான். கொத்தாக வளரும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். வேர் ஓடிப் பரவும் ரகம் வேண்டாம். சுவர், சாக்கடை, செப்டிக் டேங்க் இவற்றை விட்டு ஐந்தடியாவது தள்ளி நடுங்கள். முதல் மூன்று வருஷம் கத்தியே வைக்காதீர்கள். பிறகு மூன்று வயது தாண்டிய கழியை மட்டும், மழைக்காலம் முடிந்தபின் வெட்டுங்கள். மேலே உறை ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது இளசு, தொடாதீர்கள். அந்த உறையில் உள்ள சுணை பட்டால் அரிக்கும், குழந்தைகள் பத்திரம். உதிர்ந்த இலை அங்கேயே கிடக்கட்டும், அதுவே எரு. குருத்தைச் சமைக்க ஆசைப்பட்டுப் பச்சையாகத் தொட்டுவிடாதீர்கள், அதில் நஞ்சு உண்டு. கண்ணாடிக் குவளையில் வைக்கும் "லக்கி பேம்பூ" மூங்கிலே இல்லை, வேறு செடி. அந்தத் தண்ணீரையும் வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

மூங்கில் புகையைத் தின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இலையில் படிகிற தூசியைப் பார்த்தால், இத்தனையும் வீட்டுக்குள் வந்திருக்குமே என்று தோன்றுகிறது. மாதம் ஒருமுறை குழாயைப் பிடித்து இலைகளைக் கழுவி விடுகிறேன். சின்னவன்தான் இப்போது மழை நின்றதும் டார்ச் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அடிக்கட்டையாகப் பார்த்துவிட்டு, "தண்ணி இல்லம்மா" என்று குரல் கொடுக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உள்ளே வேலை ஓடுகிறது.