டிமோ பட்டாவில் ஏற்றியதும் ஏற்றாததும்

 

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துச் சொந்தங்களுக்கும், என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரத்தில் இருந்து என் தம்பியைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. "வண்டி இருக்கு, மெசின் இருக்கு, ஆனா ஒரு டீசல் பெரல் ஒட்டத் தெரியாதாம்" என்று. பஸ்ஸில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். அவருக்கு நான் யார் என்று தெரியாது. தம்பி இதற்கெல்லாம் பதில் சொல்ல மாட்டான். நான் டீச்சர், சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

முதலில் எங்கள் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவும் வெல்டிங் வேலைதான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சில இரவுகளில் அவர் படுக்க முடியாமல் துடிப்பார். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்பார். உம்மா உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக வெட்டிக் கண்ணின்மேல் வைப்பா. அது வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டதால் வந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரியும். ஒருநாள் ஒட்டிய இடத்தில் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டும்போது சூடான துண்டு ஒன்று பறந்து வலது கண்ணில் பட்டது. அந்தப் பார்வை திரும்ப வரவில்லை. அன்று அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் போடவில்லை.

தம்பி கத்தாரில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு வந்தான். திரும்பவும் போகப் போகிறேன் என்றான். உம்மா அழுதா. "இங்கேயே ஏதாவது செய், என் சீட்டுக் காசு நாலரை லட்சம் இருக்கு" என்றேன். வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே முடிவு. அவன் கத்தாரில் சேர்த்ததையும் என் காசையும் சேர்த்து, லாபமோ நட்டமோ இரண்டு பேருக்கும் என்று எழுதிக்கொண்டோம்.

ஏன் வண்டியில் வெல்டிங் என்று கேட்டீர்கள். பொகவந்தலாவையில் ஒரு வீட்டுக் கேட்டின் பிணைச்சல் உடைந்தால், அதைக் கழற்றி ஹட்டன் டவுனுக்கு ஏற்றி இறக்கும் கூலி ஒட்டுகிற கூலியைவிடக் கூட. தண்ணீர்த் தாங்கியின் ஸ்டாண்டைக் கழற்றவே முடியாது. பட்டறைதான் அங்கே போக வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதனால் பழைய வண்டிகளுக்கே தீப்பிடித்த விலை. நாங்கள் டிமோ பட்டா என்று சொல்கிற டாட்டா ஏஸ் ஒன்று, பழையதுதான், கிடைத்தது. அது முக்கால் தொன் அளவுக்கு இழுக்கும். ஆனால் எங்கள் தோட்டத்துப் பாதைகளில் அந்த முக்கால் தொன்னை நம்பக் கூடாது. பாதி ஏற்றினாலே ஏற்றத்தில் முனகும்.

அதன்பிறகு தம்பி ஒரு லிஸ்ட் கொண்டு வந்தான். யூடியூப்பில் அமெரிக்க வெல்டர்களின் லொறிகளைப் பார்த்து எழுதிய லிஸ்ட். அங்கே எண்ணெய்க் குழாய் போடுகிற வெல்டர்கள் சொந்த லொறியில் சொந்த மெசினோடு வேலைக்குப் போவார்கள். லிங்கன் எஸ்.ஏ.200 என்ற எஞ்சின் மெசின் 1930களில் இருந்து அவர்களிடம் பேர் எடுத்தது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 300 அம்பியர் டீசல் மெசின் ஒன்று பெரும்பாலும் 300 கிலோவுக்கு மேல். மிக் மெசின், பிளாஸ்மா கட்டர், கொம்பிரசர், காஸ் சிலிண்டர் இரண்டு என்று லிஸ்ட் இன்னும் கீழே போனது.

"இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"வேணும் ராத்தா. எந்த வேலை வந்தாலும் இல்லன்னு சொல்லக் கூடாது" என்றான்.

நான் ஒரு சி.ஆர். கொப்பியைக் கையில் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், யார் என்ன வேலை கேட்டாலும் எழுது, இரும்பின் தடிப்பையும் எழுது என்றேன். எழுதினான். கேட், ஜன்னல் கிறில், தாங்கி ஸ்டாண்ட், த்ரீவீல் கெரியர், கொழுந்து மடுவத்துக் கூரைக் கம்பி, எங்கள் பாடசாலையில் கால் உடைந்த மேசை கதிரைகள். சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணியில் போடுகிற கடைகளின் சட்டங்களும் இருந்தன. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றில் இருந்து மூன்று மில்லிமீற்றர் பொக்ஸ் பார்தான். அதற்கு 2.5 மில்லிமீற்றர் கம்பி போதும். 60 இலிருந்து 90 அம்பியருக்குள் வேலை முடிந்துவிடும்.

மிக் மெசின் லிஸ்டில் இருந்து போனது. அதில் ஒட்டுகிற இடத்தைக் காப்பது காஸ். எங்கள் மலைக் காற்று அந்தக் காஸை அடித்துக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்க ஓட்டை விழும். அசட்டிலின் சிலிண்டரும் போனது. அதை நிமிர்த்தி, சங்கிலி போட்டு, காற்றோட்டமாக வைத்துக் கொண்டு போக வேண்டும். குழியும் வளைவுமான பாதையில் அந்தத் தலையிடி வேண்டாம், வெட்டுவதற்குக் கிரைண்டர் போதும் என்று முடிவெடுத்தோம். மிஞ்சியது பத்துக் கிலோகூட வராத 200 அம்பியர் இன்வேர்ட்டர் மெசின் ஒன்றும், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு ஜெனரேட்டரும்.

ஜெனரேட்டரில்தான் நாங்கள் சறுக்கினோம்.

கொழும்பில் பழையது ஒன்று பார்த்தோம். 5 கே.வி.ஏ. பெற்றோல். அங்கேயே 3.2 கம்பி போட்டு ஒட்டிக் காட்டினார்கள், நன்றாக ஓடியது. வாங்கி வந்தோம். ஹட்டனிலும் 2.5 கம்பிக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவது கிழமை நுவரெலியாவில் ஒரு வேலை. தடித்த கேட் தூண். 3.2 கம்பியை வைத்ததும் எஞ்சின் முக்கி முக்கி நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட், திரும்ப நின்றது. வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றான்.

யாரும் ஏமாற்றவில்லை. நாங்கள்தான் கணக்குப் பார்க்கவில்லை. நான் கணிதம் படிப்பிக்கிறேன், எனக்கே வெட்கம்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். எஞ்சினுக்கு மூச்சுப் போதாது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் நூற்றுக்கு மூன்றரை அளவில் பலம் குறையும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர். அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கொழும்பில் 5 என்றது நுவரெலியாவில் 4தான்.

இப்போது மெசின் பக்கம். 3.2 கம்பிக்கு 110 அம்பியர் வைத்தால், கம்பி நுனியில் கிட்டத்தட்ட 24 வோல்ட். பெருக்கினால் 2,640 வொட். மெசினுக்குள் சூடாகி வீணாவதையும், சாதாரண இன்வேர்ட்டர் கரண்ட்டை இழுக்கிற விதத்தையும் சேர்த்தால் ஜெனரேட்டரிடம் அது 4.7 கே.வி.ஏ. அளவு கேட்கும். கொழும்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்தது. மலையில் 4ஐ வைத்துக்கொண்டு எப்படிக் கொடுக்கும்? 2.5 கம்பிக்கு 80 அம்பியர் என்றால் 3.3 போதும். அது மலையிலும் ஓடும்.

இந்தக் கணக்கைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். சதவீதம் எதற்கு டீச்சர் என்று கேட்கிறவர்கள் அன்று கேட்கவில்லை.

வேறு பெரிய ஜெனரேட்டர் வாங்கலாமா என்று யோசித்தோம். கொப்பியைத் திரும்பப் புரட்டினோம். தடித்த வேலை பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றுக்காக இன்னொரு லட்சத்தைப் போட்டால் என் காசு எப்போது திரும்பும்? தம்பிதான் சொன்னான், "தடிச்ச வேல வந்தா, கரண்ட் லைன் இருக்கிற இடம்னா செய்வேன். இல்லாட்டி, என்னால ஏலாது, பெரிய மெசின் வச்சிருக்கிறவரைக் கூப்பிடுங்கன்னு சொல்லிருவேன்." எந்த வேலைக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது என்றவன்தான் இப்படிச் சொன்னான். எனக்கு அன்றைக்குத்தான் போட்ட காசைப் பற்றிய பயம் குறைந்தது.

மிச்சக் காசு எதற்குப் போனது என்றும் சொல்கிறேன். தானாக இருளும் கண்ணாடி வைத்த முகமூடி இரண்டு, ஒன்று அவனுக்கு, ஒன்று உதவிக்கு வரும் பையனுக்கு. கசடு தட்டவும் கிரைண்டருக்கும் தனியாக வெள்ளைக் கண்ணாடி. தோல் கையுறை மூன்று சோடி, ஒன்று நனைந்தால் மாற்ற. நிற்பதற்கு ரப்பர் விரிப்பு, ஏனென்றால் ஈர மண்ணில் ஈரக் கையுறையோடு நின்றால் மெசினில் சும்மா நிற்கிற 70 வோல்ட்டே ஆளைக் கொல்லும். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று. கம்பிகளை வைக்க மூடி இறுகும் டப்பா. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற நாட்டில் ஈரம் குடித்த கம்பியால் ஒட்டினால் ஒட்டும் சரி வராது. கடைசியாக ஒரு தடித்த படங்கு. அது மழைக்கு இல்லை, லயத்துப் பிள்ளைகளுக்கு. வண்டி வந்தால் சுற்றி நின்று வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். படங்கைக் கட்டிவிட்டுத்தான் கம்பியைத் தொடுவான்.

வாப்பா இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். முகமூடியைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கழற்றிப் பட்டாவில் முன் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தப் பெரல் கதைக்கு வருகிறேன். போன வாரம் ஒருவர் டீசல் இருந்த பெரல் ஒன்றைக் கொண்டு வந்து அடியில் உள்ள ஓட்டையை ஒட்டித் தரச் சொன்னார். "உள்ளுக்கு ஒண்டும் இல்ல, காலியாத்தான் இருக்கு" என்றார். காலியாக இருப்பதுதான் ஆபத்து. எண்ணெய் நிறைந்த பெரலில் ஆவி நிற்க இடம் குறைவு. காலிப் பெரலில் மிச்ச ஆவியும் காற்றும் கலந்து, சூடு பட்டதும் குண்டு மாதிரி வெடிக்கும். ஒரு தரம் கழுவினால் அது போகாது. தம்பி மாட்டேன் என்றான். அவர் கோபித்துக்கொண்டு போனார். வேலை தெரியாமல் அவன் மறுக்கவில்லை. தெரிந்ததால்தான் மறுத்தான்.

அவன் செய்யாத வேலைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனக்கசப்பு வேண்டாம். எண்ணெய்ப் பெரல், பெற்றோல் டாங்கி, காஸ் சிலிண்டர் தொட மாட்டான். பிள்ளைகள் ஏற்றுகிற வேனின் செசி, பிரேக், ஸ்டியரிங் சாமான்கள் ஒட்ட மாட்டான், அதற்குரிய கராஜுக்குப் போங்கள். நாகம் பூசிய தகரமும் பைப்பும் ஒட்டுவான், ஆனால் திறந்த இடத்தில், பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான். அந்தப் புகை பட்டால் இரவு குளிர் காய்ச்சல் வரும். மழை என்றாலும் ஜெனரேட்டரை லயக் காம்பராவுக்குள்ளோ மூடிய இஸ்தோப்பிலோ வைக்கச் சொல்லாதீர்கள். அதன் புகைக்கு மணம் தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் "அடுத்த மாசம் தாறேன்" என்று சொல்கிறவர்கள் என் சொந்தங்களிலும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. அது என் சீட்டுக் காசு.

பட்டா சனி, ஞாயிறு டிக்கோயா, நோர்வூட் பக்கம் வரும். கூப்பிடும்போது இரும்பு எவ்வளவு தடிப்பு, அங்கே கரண்ட் லைன் இருக்கிறதா, வண்டி வாசல் வரை வருமா என்ற மூன்றையும் சொல்லுங்கள். தம்பி கத்தார் டிக்கெட் பற்றி இப்போது பேசுவதில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் வண்டி போகும்போது வாசலில் நிற்கிறா.

துஆச் செய்யுங்கள்.