அன்னை உண்ட எலும்பு மாத்திரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் முன்னோர். உடலாகிய சுவரை உள்ளிருந்து தாங்கி நிற்பவை எலும்புகளே. அவை உறுதியாக இருக்கும் வரை நாம் அவற்றை நினைப்பதில்லை. முறிந்த பின்னரே நினைக்கிறோம். இப்பள்ளியில் பயின்று, பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட நான், என் வீட்டில் கற்ற பாடம் ஒன்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் கூற விழைகின்றேன்.

என் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலைவிளக்குடன் புறப்படுவார். கொசுக்கடிக்கு அஞ்சி நீண்ட கைச்சட்டையும் தலைத்துண்டும் அணிந்திருப்பார். வேலை முழுவதும் மர நிழலில்தான். காலையில் வரக்காப்பி; மாலையில் டின்பால் கலந்த தேநீர். மீனோ முட்டையோ வந்தால் அது பிள்ளைகளுக்கே. எங்களை வளர்த்த அந்த உடல், ஓய்வு பெற்ற பின் முழங்கால் வலியால் துன்புற்றது.

2008ஆம் ஆண்டில் ஒருநாள், "தம்பி, பக்கத்து வீட்டு அக்காள் ஏதோ எலும்பு மாத்திரை சாப்பிடுகிறாளாம். இப்போது நன்றாக நடக்கிறாள். எனக்கும் வாங்கி வா" என்றார் அன்னையார். இரவுச் சந்தையில் ஒருவர் அதனைச் சிறு பைகளில் இட்டு விற்றுக்கொண்டிருந்தார். பையின் மேல் பெயர் இல்லை, எண் இல்லை. "எல்லாம் மூலிகை, எலும்புக்குச் சத்து" என்றார் அவர். நாள்தோறும் மாணவர்களுக்கு வாசிப்பின் பயனைப் போதித்து வந்த நான், வாசிப்பதற்கு ஓர் எழுத்தும் இல்லாத அப்பையை விலை கொடுத்து வாங்கினேன்.

மூன்றே நாள்களில் வலி பறந்தது. அன்னையார் முகம் நிலவுபோல் உருண்டது. உடல் தேறிவிட்டது என்று மகிழ்ந்தோம். இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் அவர் முகத்தையும் தோலையும் உற்றுப் பார்த்தார். இரத்தமும் பரிசோதிக்கப்பட்டது. பின்னர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இம்மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது வலியை விரைவில் அடக்கும். நெடுநாள் உண்டால் எலும்பை அரித்துவிடும். ஆயினும் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து, நாங்கள் சிறிது சிறிதாகக் குறைப்போம்" என்றார். எலும்புக்கென்று நான் வாங்கிக் கொடுத்ததே எலும்பைத் தின்றுவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பின்னரே எலும்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். வெட்டிய பட்டை மீண்டும் வளர்வதைத் தோட்டத்து மக்கள் அறிவர். எலும்பும் அவ்வாறே; நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. நம் உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே உள்ளது. உணவில் அது குறைந்தால், இரத்தம் தனக்கு வேண்டியதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டை வளர விடாமல் வெட்டிய மரம் போல எலும்பு நலிகிறது. முப்பது வயதிற்குள் சேர்த்த எலும்புச் செல்வமே முதுமைக்கு முதலாகும். மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு அது விரைந்து குறையும்.

நாளொன்றுக்குப் பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு 1,300 மில்லிகிராமும், பெரியவர்களுக்கு 1,000 மில்லிகிராமும், ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் கால்சியம் வேண்டும். ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்திலி, டின்னில் அடைத்த மத்தி மீன், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, தயிர் ஆகியவற்றிலும் அது உண்டு. இனிப்பு டின்பாலைத் தேநீரில் ஒரு கரண்டி கலப்பது பால் அருந்துவதற்கு ஈடாகாது. "வெற்றிலையோடு சுண்ணாம்பு போடுகிறேனே, அது போதாதா?" என்று அன்னையார் கேட்டதுண்டு. போதாது, மேலும் வெற்றிலை பாக்குப் பழக்கம் வாய்ப்புற்றுநோயைத் தரும்.

கால்சியத்தை உடல் ஏற்பதற்கு உயிர்ச்சத்து 'டி' துணை செய்கிறது. தோலில் வெயில் படும்போது உடலே அதனை ஆக்கிக்கொள்ளும். கருநிறத் தோலுக்குச் சற்று மிகுதியான நேரம் வேண்டும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசியாவிலும் பெண்கள் பலருக்கு இச்சத்துக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விடியுமுன் சென்று, உடல் மூடி, நிழலில் உழைத்த என் அன்னையாரை நினைத்தால் அதில் வியப்பில்லை.

உணவு போதாதபோது மாத்திரை உதவும். அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்திற்கு மேற்படாமல் பிரித்து உண்டால் உடல் நன்கு ஏற்கும். கால்சியம் கார்பனேட் வகையை உணவோடு உண்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்ணலாகாது. அளவு மீறினால் சிறுநீரகக் கல் உண்டாகலாம். உயிர்ச்சத்து 'டி'யும் மிகுந்தால் நஞ்சாகும்.

மலேசியாவில் முறையாக விற்கப்படும் சத்து மாத்திரைப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். ஐயம் எழுந்தால் மருந்தகத்தாரிடமோ அரசாங்க மருந்தகத்திலோ காட்டிக் கேளுங்கள். எந்த மாத்திரையாயினும் மூன்றே நாளில் மூட்டு வலியை மாயமாக்கினால், அதனைக் கண்டு மகிழாதீர்கள்; அஞ்சுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் அன்னையார் ஊன்றுகோலின் துணையால் மீண்டும் நடந்தார். 2019ஆம் ஆண்டில் மறையும் வரை என்னை ஒரு சொல்லாலும் கடிந்துகொண்டதில்லை. எழுத்தறியாத அவர், எம்மருந்தை நான் கொண்டு வந்தாலும், "அதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி? முதலில் படித்துச் சொல்" என்பார். நான் படிப்பேன், அவர் தலையசைத்த பின்னரே உண்பார்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும், உங்கள் தாத்தா பாட்டியின் மாத்திரைகளை எடுத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்க ஒன்றும் இல்லையெனில், அதனை உடனே பெற்றோரிடம் கூறி, பையோடு மருத்துவரிடம் கொண்டு செல்லச் சொல்லுங்கள். திடலில் ஓடியாடுங்கள், பாலும் மீனும் கீரையும் உண்ணுங்கள். நீங்கள் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் உங்கள் இல்லமே.