இருபது ரூபாய்ச் சத்தியம்

ஆகஸ்ட் 21, 2020, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. வெல்லம் வாங்கப் போன இவர் அன்றைய பேப்பரையும் வாங்கி வந்தார். "இதப் படி." இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டி வேலை இழந்தவர்களுக்குக் கால் பங்கு சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். அதை அரைப் பங்காக்கிவிட்டார்கள். ஆயுளில் ஒரே தடவை, அதிகபட்சம் 90 நாளுக்கு. மார்ச் 24-லிருந்து டிசம்பர் 31-க்குள் வேலை போயிருக்க வேண்டும். எனக்குப் போனது ஜூன் 30. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங், பதினோரு வருஷம். ஆர்டர் இல்லை என்றார்கள். சொன்னவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையிலிருந்த சானிடைசர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்.

திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. "கல்யாணத்துக்கெல்லாமா அப்ளிகேஷன் போடணும்?" என்கிறாள் மகள். 2018-லிருந்தே இருக்கிறதாம். எங்கள் லைனில் ஒருத்திக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 24, திங்கள்

பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மாதம் பதினாலாயிரம். இ.எஸ்.ஐ. என்ற கட்டத்தில் 2019 ஜூன் வரை 245 ரூபாய், அதற்கப்புறம் 105. (ஒன்றே முக்கால் சதவீதத்தை முக்காலாகக் குறைத்தார்கள்.) அந்தக் கட்டத்தை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! டிஸ்பென்சரிக்கு நான் போனது ஒரே முறை, அதுவும் இருமலுக்கு.

கணக்குப் போட்டேன். இரண்டு வருஷச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுக்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்த 730-க்குள் அடக்கம். நாளுக்கு 460 ரூபாய் வந்தது. அதில் பாதி, தொண்ணூறு நாளுக்கு: 20,712. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாச வாடகை, ஸ்கூல் ஃபீஸ்" என்று அதற்குள் செலவெழுதிவிட்டார்.

அக்டோபர் 5, திங்கள்

நடுவில் எழுதவில்லை. வேலை கிடைத்துவிடும் என்று மூன்று கம்பெனி வாசலில் நின்றதுதான் மிச்சம்.

இன்று பிரவுசிங் சென்டர். ஆன்லைனில் போட்டு, அச்செடுத்து, முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நேரில் கொடுக்க வேண்டும். பையன் பாதியில் நிறுத்தி, "அக்கா, பேர் இடிக்குது" என்றான். இ.எஸ்.ஐ. எண் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, அதில் அப்பாவின் இனிஷியல். பாஸ்புக்கில் இவருடையது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒற்றை எழுத்தில் இருந்துகொண்டு வழி மறிக்கிறார்.

அக்டோபர் 7, புதன்

இருபது ரூபாய் முத்திரைத்தாள், ஐம்பது ரூபாய். ஏனென்று கேட்டால் "தாள் தட்டுப்பாடு" என்றார் விற்றவர். பக்கத்திலேயே நோட்டரி. டைப் அடிக்கிற அம்மா வாசித்துக் காட்டினார்: நான் தற்போது வருமானம் தரும் எந்த வேலையிலும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. ஜூலையிலிருந்து வீட்டில் மாஸ்க் தைக்கிறேன். எதிர்வீட்டு அக்கா துணியை வெட்டிக் கொடுப்பார். நான் மூன்று மடிப்பு பிடித்து, எலாஸ்டிக் வைத்துத் தர வேண்டும். ஒன்றுக்கு இரண்டு ரூபாய். கரண்ட் இருந்து, கழுத்தும் ஒத்துழைத்தால் நாளுக்கு அறுபது.

நோட்டரியிடம் சொன்னேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, மாஸ்க் தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பணம் வேண்டும், போட்டுவிட்டேன். ஆனால் வழியெல்லாம் எரிச்சல். இதே தையலை ஷெட்டுக்குள் உட்கார்ந்து தைத்தால் வேலை. வீட்டில் தைத்தால் இல்லை. இது எனக்குச் சாதகமான பதில்தான், இருந்தாலும் அவர் மேல்தான் கோபம் வருகிறது.

அக்டோபர் 12, திங்கள்

கிளை அலுவலகம். வாசலில் நெற்றிக்குச் சூடு பார்த்து உள்ளே விட்டார்கள். இனிஷியலுக்கு ஆதார் நகலும் ஒரு கடிதமும் போதும் என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "உதவித்தொகைக்கு வந்திருக்கேன் தாயி" என்றார். "நிவாரணம்" என்று திருத்தினார் அவர். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 245 ரூபாய்க் கட்டத்துக்கு இவர்கள் என்ன பெயர் வைப்பார்கள்?

நவம்பர் 13, வெள்ளி

நாளை தீபாவளி. மத்தியானம் மெசேஜ்: 20,700 வரவு. என் கணக்குக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைகிறது, பைசாவைத் தட்டிவிட்டார்கள் போல. மகளுக்குச் சுடிதார் எடுத்தோம். உள்தையலைப் புரட்டிப் பார்த்து ஒரு பீஸைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் முறைத்தார். பழக்கம்.

நவம்பர் 18, புதன்

கூட வேலை பார்த்தவள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறாள். இனிமேல் முத்திரைத்தாள் உறுதிமொழி தேவையில்லையாம், ஆன்லைனில் ஆவணங்களை ஏற்றினால் போதுமாம். இவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்த ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் பாரேன்."

எதிர்வீட்டு அக்கா நூறு பீஸ் வெட்டிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். வெள்ளை எலாஸ்டிக் தீர்ந்துவிட்டதாம், கறுப்புதான் இருக்கிறது.